நகப் பூஞ்சைக்கு லேசர்: பரிசோதனையிலிருந்து புது நகம் வரை

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, வெட்டப் போனால் பொடிப்பொடியாக உதிர்கிறது. மாத்திரை என்றால் பயம், பூசும் மருந்து என்றால் பொறுமை இல்லை. "நாலு சிட்டிங் லேசர் வச்சா போயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராக லேசர் அறைக்கு வருகிறவர்கள் நிறைய. அந்த அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: லேசர் வைக்கும் அந்தச் சில நிமிடங்களில் பெரிதாக எதுவும் தவறிவிடுவதில்லை. அதற்கு முன்னால் செய்யாமல் விட்டதும், பின்னால் செய்யாமல் விட்டதும்தான் பணத்தை வீணாக்குகின்றன.

அதனால் இங்கே வரிசை முக்கியம். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. அது பூஞ்சைதானா என்று உறுதி செய்யுங்கள்

பார்க்கச் சொத்தையாக இருக்கும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதிப் பாதிக்கு லேசர் வைத்தால் கொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. நகம் அப்படியேதான் இருக்கும்.

பூஞ்சையைப் போலவே தோற்றம் காட்டும் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நகத்தின் மேல் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள், கூடவே முழங்கையிலோ தலையிலோ செதில் படை இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். ஓடுகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள், இறுக்கமான ஷூ போடுகிறவர்கள் ஆகியோரின் கட்டைவிரல் நகம் திரும்பத் திரும்ப இடிபட்டே தடித்துப்போகும். நகம் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்குக் கைநகத்தின் ஓரம் வீங்கி வலித்தால் அது நகச்சுற்று. அங்கே முதல் சிகிச்சை கையை உலர வைப்பது.

நம் ஊரில் மட்டும் வரும் ஒரு குழப்பம் மஞ்சள். காலுக்கு மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்களின் நகம் மேலே மஞ்சளேறி இருக்கும். மருதாணியும் அப்படித்தான். மெல்லிய அரத்தால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் நிறம் போகிறது, நகமும் தடிக்கவில்லை, அடியில் மாவு போன்ற பொடியும் இல்லை என்றால் அது வெறும் சாயம்.

நகத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு வேரிலிருந்து நுனி வரை ஓடினால், அதிலும் அந்தக் கருமை பக்கத்துத் தோலுக்கும் பரவியிருந்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத நிறக்கோடாகவே இருக்கும். ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். அது என்னவென்று தெரியாமல் மேலே லேசர் வைப்பது தடயத்தை அழிப்பதற்குச் சமம்.

2. நகத்தின் மாதிரியைச் சரியாகக் கொடுங்கள்

"பார்த்தாலே தெரியுதே, எதுக்கு டெஸ்ட்?" என்று சொல்லும் இடத்தில் லேசர் வைத்துக்கொள்ளாதீர்கள். இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சோதனை மூன்று வகை. கேஓஎச் என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நகத்துகளை ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இது மலிவு, சீக்கிரம் முடிவு தெரியும். இரண்டாவது கல்ச்சர்: மாதிரியிலிருந்து பூஞ்சையை வளர்த்து அதன் பெயரைக் கண்டுபிடிப்பது. இதற்கு நான்கு வாரம் வரை ஆகும். மூன்றாவது, வெட்டிய நகத்துண்டை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பி பிஏஎஸ் என்ற சாயம் ஏற்றிப் பார்ப்பது. மற்ற இரண்டும் தவறவிடுவதை இது பிடிக்கும். ஆனால் எந்த வகைப் பூஞ்சை என்று சொல்லாது.

மாதிரி கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

பூசும் மருந்து எதையாவது போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் நீண்ட இடைவெளி. மருந்து நகத்தில் இருக்கும்போது கல்ச்சரில் பூஞ்சை வளராது. அறிக்கை "இல்லை" என்று வரும், நோயோ இருக்கும்.

நெயில் பாலிஷ் கூடாது. முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போகவும் கூடாது. நிறையப் பேர் கூச்சத்தால் சுத்தமாக வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நுனியில் வெட்டிய துண்டு மட்டும் போதாது. உயிருள்ள பூஞ்சை, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தில், நகத்துக்கு அடியில்தான் இருக்கும். அங்கிருந்து சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைக் காகிதத்தில் மடித்து உலர்வாக அனுப்ப வேண்டும். ஈரமான பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே பாக்டீரியா பெருகிக் கல்ச்சரைக் கெடுத்துவிடும்.

அறிக்கை வந்ததும் பெயரைப் பாருங்கள். கால் நகத்தில் அதிகம் வருவது டிரைக்கோபைட்டான் ரூப்ரம். கேண்டிடா என்று வந்தாலோ, ஃபியூசேரியம் போன்ற வேறு பூஞ்சணம் என்று வந்தாலோ மருந்தே மாறும். ஃபியூசேரியம் மண்ணிலும் காற்றிலும் இருப்பது என்பதால் மாதிரியில் தற்செயலாக ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் இரண்டாவது முறையும் எடுத்துப் பார்ப்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் ஒத்துழையுங்கள்.

முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, மருத்துவருக்குச் சந்தேகம் போகவில்லை என்றாலும் இதே கதைதான். ஒரு முறை "இல்லை" என்று வந்ததை வைத்துப் பூஞ்சையே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

3. லேசரால் ஆவது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

நகத்துக்கு அதிகம் பயன்படுவது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். இதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நகத்தை ஊடுருவி அடித்தோலைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் பூஞ்சை பாதிக்கப்படும் என்பதுதான் அடிப்படை. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. பூஞ்சையைக் கொல்ல 50 டிகிரி செல்சியஸையொட்டிய வெப்பம் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். நம் தோலுக்கோ 43 முதல் 45 டிகிரியிலேயே வலி தொடங்கிவிடும். வலிக்கும் பூஞ்சைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் லேசர் வேலை செய்தாக வேண்டும்.

அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2010இல் நகப் பூஞ்சைக்கான முதல் லேசருக்கு அனுமதி தந்தது. அந்த அனுமதியின் வாசகம் தெளிவான நகப்பகுதி தற்காலிகமாக அதிகரிப்பதைப் பற்றியது, பூஞ்சை குணமாவதைப் பற்றியது அல்ல. விளம்பரப் பலகையில் "எஃப்டிஏ அனுமதி பெற்றது" என்று மட்டும் இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், இந்த லேசரை மட்டும் வைத்ததால் பூஞ்சை ஒழிந்தது என்பதற்குப் போதிய சான்றைக் காணவில்லை.

மாத்திரையின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கால் நகத்துக்கு 12 வாரம், கைநகத்துக்கு 6 வாரம். அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி கால் நகத்தில் சோதனையில் பூஞ்சை இல்லாமல் போனவர்கள் 70 விழுக்காடு. நகம் பார்க்கவும் முழுதாகச் சீராகி, சோதனையும் சுத்தமாக வந்தவர்கள் 38 விழுக்காடு. அதாவது இருப்பதிலேயே வலுவான மருந்துக்கே நகம் பழையபடி அழகாகத் திரும்புவது பாதிப் பேருக்கும் குறைவு. "நூறு சதவீதம் குணம்" என்று லேசருக்கு யாராவது உத்தரவாதம் தந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் லேசர் யாருக்கு? கல்லீரல் பிரச்சினையாலோ, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துக்கொள்ளாததாலோ மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கு. பூசும் மருந்தோடு சேர்த்துக் கூடுதல் பலம் வேண்டுகிறவர்களுக்கு. நகத்தின் பாதிக்குமேல் போகாத, வேர் வரை எட்டாத தொற்று உள்ளவர்களுக்கு. எந்தத் தடையும் இல்லாத ஆரோக்கியமான ஒருவர் மாத்திரைப் பயத்தால் மட்டும் லேசருக்கு வந்தால், முதலில் எல்எஃப்டி என்ற கல்லீரல் சோதனையைச் செய்துபார்த்து மருத்துவரிடம் ஒரு முறை பேசச் சொல்வேன். அந்தப் பேச்சிலேயே பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு மாத்திரை இட்ராகோனசோல். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் முறை இதில் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. சில கொழுப்பு மாத்திரைகளோடும் மோதும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சாப்பிட்டால் இதன் காப்ஸ்யூல் சரியாக உறிஞ்சப்படாது. எதுவானாலும் மருத்துவரிடம் உங்கள் மருந்துப் பட்டியலை முழுதாகக் காட்டுங்கள்.

4. லேசர் வைக்கக் கூடாதவர்கள்

சுகர் இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காலில் மரமரப்பு இருக்கிறதா?" என்றுதான். லேசரில் அளவு மீறியதைச் சொல்லும் ஒரே மணி வலி. உணர்ச்சி குறைந்த காலில் அந்த மணி அடிக்காது. அடியில் கொப்புளம் வந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சுகர் காலில் ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் சுகர் நோயாளிக்கு லேசர் வைப்பது முறையல்ல.

இதே காரணத்தால் விரலை மரக்கடிக்க ஊசி போட்டுவிட்டு லேசர் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். போடுகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், விரலில் திறந்த புண் உள்ளவர்கள், கறுப்புக் கோடு என்னவென்று இன்னும் தெரியாதவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் தள்ளிப்போடலாம். நகப் பூஞ்சை அவசர நோயல்ல.

5. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

எந்த லேசர், எத்தனை நானோமீட்டர் என்று கேளுங்கள். "லேசர்" என்ற ஒரே பெயரில் வேறுவேறு சிகிச்சைகள் விற்கப்படுகின்றன. சூடே தராத குறைந்த ஆற்றல் ஒளிக்கருவிகள் ஒரு வகை. நகத்தில் நுண்துளைகள் போட்டு அதன் வழியாகப் பூசும் மருந்தை உள்ளே இறக்கும் கார்பன்டையாக்சைடு லேசர் இன்னொரு வகை. இதற்குப் பிறகு மருந்து பூசாவிட்டால் துளை போட்டதற்கு அர்த்தமே இல்லை.

முடி நீக்கும் என்டி-யாக் கருவியையே அளவு மாற்றி நகத்துக்கும் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. அது தவறில்லை. ஆனால் யார் இயக்குகிறார், நகத்துக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், மருத்துவர் அறையில் இருப்பாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணம் நகத்துக்கா, காலுக்கா, சிட்டிங்குக்கா? நகம் தேய்த்து மெலிதாக்குவது அதில் சேர்த்தியா? வழக்கமாக மூன்று முதல் ஆறு சிட்டிங், ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்று வைப்பார்கள். ஆறுக்கும் மொத்தமாக முன்பணம் கட்டாமல் ஒவ்வொன்றாகக் கட்ட முடிந்தால் நல்லது. நடுவில் நிறுத்த வேண்டி வரலாம்.

6. முதல் சிட்டிங்குக்கு முந்தைய வாரங்கள்

இங்கேதான் அதிக வேலை.

முதலில் நகத்தை மெலிதாக்க வேண்டும். தடித்த நகத்தின் மேல் அடிக்கும் ஒளி மேலேயே தேங்கிவிடும், அடியில் பூஞ்சை இருக்கும் இடத்துக்குச் சூடு போய்ச் சேராது. பூசும் மருந்துக்கும் இதே தடைதான். 40 விழுக்காடு யூரியா களிம்பை மருத்துவர் எழுதித் தந்தால், இரவில் நகத்தின் மேல் மட்டும் வைத்து, சுற்றியுள்ள தோலில் படாமல் டேப் ஒட்டி மூடுங்கள். ஓரிரு வாரத்தில் நகம் மெத்தென்று ஆகும், அப்புறம் தேய்ப்பது சுலபம். சுகர் உள்ளவர்கள் வீட்டில் தாங்களே தேய்க்க வேண்டாம். மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் தேய்ப்பவர்கள் ஒரே முறை பயன்படுத்தி எறியும் அட்டை அரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட நகத்துக்குப் போட்ட அரத்தை நல்ல நகத்துக்குப் போட்டால் நீங்களே விதைத்த மாதிரி. தேய்க்கும்போது பறக்கும் பொடியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போடுங்கள். இரத்தம் வரும் அளவுக்குத் தேய்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு லேசர் கிடையாது.

நகத்துக்குள் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நீளமாக ஒரு பட்டை அடர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை கெட்டியாகத் திரண்டு கிடக்கும் பொதி அது. மருந்தும் சூடும் அதற்குள் நுழைவது கடினம். அந்த இடத்து நகத்தை வெட்டித் திறந்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது சேற்றுப்புண். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய், தோல் உரிந்து, அரிப்பு இருக்கிறதா? உள்ளங்காலில் மாவு தூவியதுபோல வறண்ட செதில் இருக்கிறதா? நகத்துக்குப் பூஞ்சை வந்த வழி பெரும்பாலும் அதுதான். அதைக் குணப்படுத்தாமல் நகத்துக்கு மட்டும் லேசர் வைத்தால், புது நகம் வளர வளர அதே வழியில் பூஞ்சையும் வந்து சேரும். பூஞ்சை களிம்பைச் செதில் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

களிம்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் "படைக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், பூஞ்சையோ உள்ளே ஆழமாகப் பரவும். இந்தியாவில் படை இத்தனை பிடிவாதமாக மாறியதில் இந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குழாயின் பின்புறம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் வைத்துவிடுங்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது சேற்றுப்புண்ணோ நகச்சொத்தையோ இருந்தால் அவர்களும் சேர்ந்தே மருத்துவம் பார்க்க வேண்டும். ஒரே குளியலறைத் தரைதானே.

கடைசியாக, படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நகத்தை ஒட்டி ஒரு அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து. வேர்ப்பக்கத்தில் நல்ல நகம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் கண்ணை நீங்களே நம்ப மாட்டீர்கள், இந்தப் படம்தான் சாட்சி.

7. சிட்டிங் அன்று

பாலிஷ் எடுத்துவிட்டு வாருங்கள், நிறமற்ற பாலிஷும் சேர்த்துத்தான். நகத்தில் மருதாணி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, சாயம் சூட்டை இழுத்துக்கொள்ளவும் கூடும். கல்யாணத்துக்குப் போய்வந்த கையோடு சிட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மெட்டியைக் கழற்ற வேண்டும். உலோகத்தில் பட்டு ஒளி எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது, மெட்டியும் சுடும். கழற்றத் தயங்குகிறவர்கள் உண்டு, அவர்கள் தயக்கம் புரிகிறது. ஆனாலும் அந்தச் சில நிமிடத்துக்கு வேறு வழி கிடையாது. பல வருடம் போட்ட மெட்டி இறுகியிருந்தால் வீட்டிலேயே சோப்புத் தண்ணீரில் கழற்றிவிட்டு வாருங்கள்.

பூசும் மருந்தின் பழைய படலத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எடுங்கள். களிம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வேறொரு ஷூவோ செருப்போ போட்டுக்கொண்டு வாருங்கள். ஏன் என்று ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

8. லேசர் அறைக்குள்

கண்ணாடி போடாமல் கருவியை இயக்க விடாதீர்கள். உங்களுக்கும், இயக்குபவருக்கும், துணைக்கு வந்தவருக்கும் வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் 1064 என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரணக் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, வலிக்காமலே விழித்திரையைச் சுட்டுவிடும். நகத்தின் மேல் தெரியும் சிவப்புப் புள்ளி வெறும் குறிகாட்டி.

இயக்குபவர் நகம் முழுவதும் வரிவரியாகவோ சுழலாகவோ அடித்துக்கொண்டு போவார். வேர்ப்பக்கத் தோலையும் ஓரங்களையும் சேர்த்து அடிப்பார். ஒரு சுற்று முடிந்து ஆறவிட்டு மறுபடியும் வருவார். முதலில் வெதுவெதுப்பு, பிறகு சுருக்கென்று ஒரு சூடு. தாங்க முடியாத சூடு வந்தால் காலை இழுக்காமல் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். இழுத்தால் ஒளி வேறெங்கோ படும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் பலன் கூடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் ஆண்கள். அப்படிப் பொறுத்து வாங்கியது கொப்புளம்தான். அதற்கு நேர்மாறாக, முழுச் சிட்டிங்கிலும் துளிச் சூடுகூட உணரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அளவு மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது நகம் இன்னும் தடிப்பாக இருக்கலாம். உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதும் ஒரு வாய்ப்பு.

முடிந்ததும் எழுந்து நடந்து போகலாம். லேசான சிவப்பும் சூடும் ஒரு நாள் வரை இருக்கும். கொப்புளம், அதிகமாகும் வலி, நகத்தடியில் புதிதாகக் கருமை, சீழ் என்று எது வந்தாலும் அடுத்த சிட்டிங் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

9. ஷூ, சாக்ஸ், நகவெட்டி

இத்தனையும் செய்துவிட்டு, பழைய ஷூவுக்குள் அதே காலை நுழைத்தால் என்ன ஆகும்? பூஞ்சையின் வித்துகள் ஷூவுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் சிட்டிங்குக்கு வேறு காலணியில் வரச் சொன்னேன்.

நைந்து, உள்ளே நாற்றமெடுக்கும் ஷூவைத் தூக்கிப்போடுங்கள். மற்றவற்றுக்குள் பூஞ்சை பவுடர் தூவுங்கள். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். ஒரு நாள் வியர்வை உலர ஒரு இரவு போதாது. தொழிற்சாலையில் பூட்ஸ் கட்டாயம் என்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மதியம் ஒரு முறை சாக்ஸ் மாற்றுவதே பெரிய வித்தியாசம் தரும்.

சாக்ஸை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெஷினில் அந்த வசதி இல்லாவிட்டால் வாளியில் கொதிநீர் ஊற்றி ஊறவைத்தாலும் சரி. நகவெட்டி இரண்டு வேண்டும், கெட்ட நகத்துக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம்.

கோயிலுக்குப் போனால் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், வயலில் வேலை என்றால் சேற்றில் நின்றே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். கழுவுவதை எல்லோரும் செய்கிறார்கள், உலர்த்துவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

10. சிட்டிங்குகளுக்கு நடுவில்

லேசருக்கு வந்ததால் பூசும் மருந்தை நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. லேசர் மாதத்துக்கு ஒரு நாள், மீதி நாட்களில் புது நகத்தைக் காப்பது அந்த மருந்துதான்.

அமோரால்ஃபின் 5 விழுக்காடு என்றால் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் பழைய படலத்தைத் துடைத்து, லேசாக அரம் போட்டு, அதன்பின் பூச வேண்டும். சைக்ளோபிராக்ஸ் 8 விழுக்காடு என்றால் தினமும், வாரம் ஒரு முறை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எஃபினகோனசோல் 10 விழுக்காடு தினமும், 48 வாரம். எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாள் தவறாமல் பூசுவது உங்கள் பொறுப்பு. வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டால் மறக்காது.

வினிகரில் ஊறவைப்பது, பூண்டு அரைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம். நகத்தைச் சுற்றியுள்ள தோல் வெந்துபோய் அடுத்த சிட்டிங் தள்ளிப்போகும்.

11. பலன் தெரிகிறதா என்று அளப்பது

கெட்டுப்போன நகம் நல்ல நகமாக மாறாது. வேரிலிருந்து புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். கைநகம் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம், ஆறு மாதத்தில் மாறிவிடும். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக இருக்கும்.

ஆகவே முதல் சிட்டிங் முடிந்த மாதமே நகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மாதம் ஒரு படம், அதே வெளிச்சம், அதே அளவுகோல். நுனியைப் பார்க்க வேண்டாம், வேரைப் பாருங்கள். மூன்று, நான்கு மாதத்தில் அங்கே நான்கைந்து மில்லிமீட்டர் தெளிவான நகம் கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால் தொடருங்கள். கெட்ட பகுதியின் எல்லை வேரை நோக்கி நகர்ந்திருந்தாலோ, இருந்த இடத்திலேயே நின்றாலோ, அடுத்த சிட்டிங்குக்குப் பணம் கட்டாமல் மருத்துவரிடம் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். நோயின் பெயரே தவறாக இருக்கலாம். மாத்திரையைச் சேர்க்க வேண்டிய கட்டமாகவும் இருக்கலாம்.

நகம் தெளிவாகிவிட்டது என்று தோன்றும்போது மருந்தைச் சட்டென்று விடாதீர்கள். கடைசிக் கெட்ட துண்டு வெட்டி எறியப்படும் வரை பூசுங்கள். அதன்பிறகு சில வாரம் மருந்தில்லாமல் விட்டு, மாதிரி எடுத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். மருந்து நகத்தில் இருக்கும்போதே எடுத்தால் முதலில் சொன்ன அதே பொய் அறிக்கைதான் வரும்.

சோதனை சுத்தம், ஆனால் நகம் இன்னும் கோணலாகவோ தடிப்பாகவோ இருக்கிறது என்றால்? வருடக்கணக்கில் பூஞ்சை பிடித்திருந்த நகத்திலும், வேரில் அடிபட்ட நகத்திலும் இது சகஜம். அந்தத் தடிப்பை எடுக்க இன்னும் இரண்டு சிட்டிங் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பூஞ்சை இல்லாத நகத்தில் லேசருக்கு வேலை இல்லை. மாதம் ஒரு முறை அரம் போட்டு மெலிதாக வைத்துக்கொண்டு, கட்டைவிரல் முட்டாத அளவில் ஷூ வாங்கிப் போடுங்கள்.